சமவெளியில் ஸ்ட்ராபெரி நிலைக்குமா? பாளையங்கோட்டை, கல்லிடைக்குறிச்சிக் குறிப்புகள்

9 நவம்பர் 2023

“சமவெளியில் ஸ்ட்ராபெரி வளர்வதில்லை. வளர்க்கிறேன் என்று படம் போடுகிறவர்கள் எல்லாரும் மலையில் மொட்டுக் கட்டிய செடியை வாங்கி வந்து, அது பழுத்ததும் தம் உழைப்பு என்று சொல்லிக்கொள்கிறார்கள். திருநெல்வேலி வெயிலில் ஒரு கோடையைத் தாண்டிய செடி யாரிடமாவது இருந்தால் காட்டுங்கள்.”

தென்காசிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் நேற்று இப்படி எழுதியிருந்தார். அவர் கேட்ட செடி இன்று என்னிடம் இல்லை. ஆனால் கொடைக்கானல் நாற்றுப் பண்ணையிலிருந்து அக்டோபர் கடைசியில் வந்த பதினாறு ‘விண்டர் டான்’ கன்றுகள் இருக்கின்றன. பத்து பாளையங்கோட்டையில் எங்கள் தட்டட்டியிலும் (மொட்டைமாடி), ஆறு கல்லிடைக்குறிச்சியில் ஆச்சி வீட்டுப் புறவாசலிலும் நட்டாயிற்று. அவற்றுக்கு நேர்வதை எல்லாம் இங்கேயே எழுதி வருகிறேன். அண்ணாச்சி சொல்வது தவறு என்பதே என் இன்றைய எண்ணம். ஃபுளோரிடா பல்கலைக்கழகம் தன் ஊரின் மிதமான குளிர்காலத்துக்காக உருவாக்கிய இரகம் இது. மலைக்குளிர் இல்லாமல் இது வாழாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

11 நவம்பர் 2023

நடும் முறையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இலைக்காம்புகள் எல்லாம் ஒன்றுகூடும் தடித்த குட்டைத் தண்டை நாற்றுப் பண்ணைக்காரர்கள் கிரவுன் என்கிறார்கள். நான் தலைப்பகுதி என்று எழுதுகிறேன். செடி பிழைப்பதும் சாவதும் பெரும்பாலும் அந்தத் தலைப்பகுதி நிற்கும் உயரத்தைப் பொறுத்தது. மண்ணுக்குள் புதைந்தால் அழுகும். மண்ணுக்கு மேலே தூக்கி நின்றால் வேர் காயும். மண்மட்டமும் தலைப்பகுதியின் நடுமட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் நீர் ஊற்றியதும் மண் இறங்கிவிடுவதால், மறுநாள் ஒருமுறை பார்த்துச் சரிசெய்வது அவசியம்.

வேரின் பெரும்பகுதி மேல்மண்ணின் பதினைந்து சென்டிமீட்டருக்குள்ளேயே இருக்கும். ஆகவே ஆழமான தொட்டி தேவையில்லை. அகலமான தொட்டியே நல்லது. காருகுறிச்சி மண்தொட்டிகள் எட்டு வாங்கினேன். மற்றவை கறுப்பு நெகிழிப் பைகள். மண்கலவை: செம்மண் இரண்டு பங்கு, கழுவிய தென்னைநார்த்தூள் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. தென்னைநார்த்தூளில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை நீர் மாற்றி அலசாமல் போடக் கூடாது. மண்ணின் கார அமில அளவு 5.5 முதல் 6.5 வரை இருப்பதைத்தான் இச்செடி விரும்புகிறது. பாளையங்கோட்டைத் தொட்டிகளில் நான்கில் மட்டும் குளத்து வண்டல் மண்ணான கரம்பையும் கலந்திருக்கிறேன். கத்தரிக்கு அது எப்போதும் கைகொடுத்திருப்பதால், இதற்கும் கொடுக்கும் என்ற நம்பிக்கையில் செய்தேன்.

கார் அறுவடை முடிந்த புது வைக்கோல் ஆச்சி வீட்டில் கிடந்தது. பழம் மண்ணில் படாதிருக்க அதை மூடாக்காகப் பரப்பியாயிற்று.

26 நவம்பர் 2023

விதையிலிருந்து வளர்க்கலாமா என்று மூவர் கேட்டிருக்கிறார்கள். வளர்க்கலாம். ஆனால் எந்தப் பழத்தின் விதையைப் போட்டீர்களோ அந்தப் பழம் கிடைக்காது. நாம் உண்ணும் தோட்டத்து ஸ்ட்ராபெரி ஒரு கலப்பினம். ஃப்ரேசியே என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1714-இல் சிலி நாட்டுக் கடற்கரையிலிருந்து கொண்டுவந்த பெரும்பழச் செடியும், வட அமெரிக்காவிலிருந்து அதற்கு முன்பே வந்திருந்த சிறுபழச் செடியும் ஐரோப்பியத் தோட்டங்களில் அருகருகே நின்று கலந்து பிறந்தது. ஒவ்வொரு உயிரணுவிலும் எட்டுத் தொகுதி நிறப்புரிகள் (குரோமோசோம்கள்), மொத்தம் 56. இத்தனை தொகுதிகள் விதைக்கு விதை வேறுவேறாகக் கலைந்து சேர்வதால், ஒரே பழத்தின் விதைகளிலிருந்து வரும் நாற்றுகள் உடன்பிறந்தவர்கள் போல முகம் மாறியே நிற்கும். தாயின் குணம் மாறாமல் வேண்டுமானால், தாய்ச்செடி தரையோடு நீட்டிவிட்டுக் கணுவில் கன்று ஈனும் ஓடுதண்டுதான் வழி.

பொறுமை உள்ளவர்கள் விதையைக் குளிர்பெட்டியில் மூன்று வாரம் வைத்து, ஈரமான தென்னைநார்த்தூளின் மேல் தூவி, மண் மூடாமல் வெளிச்சத்தில் வைக்கலாம். பழத்தின் மேல் பதிந்திருக்கும் ‘விதை’ ஒவ்வொன்றும் உண்மையில் ஒரு முழுக் கனி. நாம் தின்னும் சிவந்த சதை பூவின் அடித்தளம் பருத்தது. இதை ஏன் சொல்கிறேன் என்பது காய் பிடிக்கும்போது விளங்கும்.

நீலநிற ஸ்ட்ராபெரி விதை என்று வலைத்தளங்களில் விற்கிறார்களே, அதை நானும் சென்ற ஆண்டு ஒரு கடையில் காசு கொடுத்து வாங்கினேன். முளைத்த நான்கும் மணத்தக்காளிகளாக வளர்ந்தன. நீலநிற ஸ்ட்ராபெரி என்ற ஒன்று உலகில் இல்லை. பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்கிறார்கள் என்று யாரும் ஏமாற வேண்டாம்.

24 டிசம்பர் 2023

மார்கழி முதல் நாளும் மறுநாளும் பெய்த மழையைப் பற்றி நம் பக்கத்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியிருக்கிறது. திருநெல்வேலி சந்திப்புப் பகுதியில் தண்ணீர் நின்றபோது செடியைப் பற்றி நினைக்க மனம் வரவில்லை. கல்லிடைக்குறிச்சியில் ஆச்சி நலமாக இருக்கிறார்கள் என்று தெரிய இரண்டு நாளானது. செடிகளைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

7 ஜனவரி 2024

பாளையங்கோட்டையில் நான்கு செடிகள் போய்விட்டன. மழைக்கு மறுநாள் நன்றாகவே நின்றன. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, இளவெயில் வந்தபோது திடீரென்று வாடின. நீர் போதவில்லை என்று நினைத்து மேலும் ஊற்றினேன். பிடுங்கித் தலைப்பகுதியை நெடுக்காக வெட்டிப் பார்த்தபோது உள்ளே செம்பழுப்பாக அழுகியிருந்தது. வெதுவெதுப்பும் ஓயாத ஈரமும் சேர்ந்தால் தலைப்பகுதியில் புகும் பூஞ்சண நோயின் அடையாளம் அது. போன நான்கில் மூன்று, கரம்பை கலந்த தொட்டிகளில் இருந்தவை. நவம்பர் 11-ஆம் தேதிக் குறிப்பைப் பார்த்துக் கரம்பை சேர்த்தவர்கள் யாரேனும் இருந்தால், தயவுசெய்து செடியைக் கலவை மாற்றி நடுங்கள். கத்தரிக்கு ஆகும் நீர்ப்பிடிப்பு இதற்கு ஆகாது.

கல்லிடைக்குறிச்சியில் ஒன்றே ஒன்றுதான் போனது. மழை தொடங்கியதுமே ஆச்சி தொட்டிகளைத் தார்சாவுக்குள் (கூரையுள்ள தாழ்வாரம்) இழுத்து வைத்துவிட்டார்களாம். எண்பது வயதில் அவர்களாகச் செய்தது அது. நான் சொல்லியிருந்தால் அந்த மழையில் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

21 ஜனவரி 2024

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் முதல் பழம். பதினோரு செடிகளிலும் பூ இருக்கிறது. ஆனால் பாளையங்கோட்டைப் பழங்கள் ஒரு பக்கம் பருத்தும் மறுபக்கம் சுருங்கியும் கோணலாக இருக்கின்றன. கல்லிடைக்குறிச்சியில் வடிவம் சரியாக இருக்கிறது. நோயா என்று ஒரு அக்கா கேட்டார்கள். நோயில்லை, மகரந்தக் குறைவு. சதையைப் பருக்கச் செய்யும் ஆக்சின் என்ற ஊக்கியைச் சுரப்பவை அந்தச் சிறு ‘விதை’களே. கருவுற்ற விதையைச் சுற்றியுள்ள சதை பருக்கும். கருவுறாத இடம் சுருங்கியே நிற்கும். காயின் மேலுள்ள விதைகளைச் சுரண்டி எடுத்துவிட்டால் வளர்ச்சி நின்றுபோவதை 1950-இல் நிச் என்ற ஆய்வாளர் காட்டியிருக்கிறார். ஆச்சி வீட்டுச் சுவர்ப் பொந்தில் கொசுத்தேனீக் கூடு இருக்கிறது. எங்கள் தட்டட்டியில் ஒரு தேனீயும் இல்லை. இன்று முதல் காலை பத்து மணிக்கு மென்தூரிகையால் ஒவ்வொரு பூவையும் வட்டமாகத் தடவி வருகிறேன்.

22 ஜனவரி 2024

ஒரு திருத்தம். பழம் முழுதும் சிவந்த பிறகே பறிக்க வேண்டும் என்று எழுத மறந்தேன். மாம்பழம் போலப் பறித்த பின் வைக்கோலில் வைத்துப் பழுக்கச் செய்ய இதில் இயலாது. நிறம் சற்று ஏறலாம், இனிப்பு ஏறாது.

4 பிப்ரவரி 2024

மலைக்குப் போயிருந்தபோது பாதையோரம் ஸ்ட்ராபெரி போலவே ஒன்றைப் பிடுங்கி வந்ததாகவும், அது கேட்பாரின்றி நன்றாக ஓடுவதாகவும் ஒருவர் எழுதியிருந்தார். பூ மஞ்சளாக இருந்தால் அது ஸ்ட்ராபெரி அன்று, பொய் ஸ்ட்ராபெரி எனப்படும் வேறு செடி. பழத்தில் நஞ்சில்லை, சுவையுமில்லை. பூ வெண்மையாகவும் பழம் சிறிதாக வெளிறியும் இருந்தால் அது நீலகிரியின் பெயரையே அறிவியல் பெயரில் தாங்கிய ஃபிரகேரியா நில்கெரென்சிஸ் என்ற காட்டினமாக இருக்கலாம். அதைக் காட்டிலேயே விட்டுவிடுவது நல்லது.

10 மார்ச் 2024

மொத்தம் நாற்பத்தொரு பழங்கள். பிப்ரவரி இறுதியோடு பூ நின்றுவிட்டது. கடைசியில் வந்தவை சுண்டைக்காய் அளவே இருந்தன. அண்ணாச்சி சொன்னது போல இது மலையில் கட்டிய மொட்டுத்தானா என்ற ஐயம் இப்போது எனக்கும் வருகிறது.

பாளையங்கோட்டைச் செடிகளில் இலை ஓரங்கள் கருகத் தொடங்கியிருக்கின்றன. இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. வெயில் ஏறிவிட்டது, ஐம்பது விழுக்காடு நிழல்வலை கட்டியிருக்கிறேன்.

31 மார்ச் 2024

மேலே வெயில் என்று எழுதியது தவறு. நிழல்வலை கட்டி மூன்று வாரம் ஆகியும் கருகல் நிற்கவில்லை. கல்லிடைக்குறிச்சியிலும் இதே வெயில்தான். அங்கே ஐந்து செடிகளும் பசுமையாக நிற்கின்றன. போன ஞாயிறு தொட்டிகளைத் துடைக்கும்போதுதான் கண்ணில் பட்டது: காருகுறிச்சித் தொட்டிகளின் வெளிப்புறம் முழுதும் உப்புப் பூத்து வெளுத்திருந்தது. ஆச்சி வீட்டுத் தொட்டிகளில் அந்த வெண்மை இல்லை.

நான் ஊற்றியது ஆழ்துளைக் கிணற்று நீர். அவர்கள் ஊற்றுவது ஆற்று நீர். நீரில் கரைந்த உப்பை அளக்கும் கருவியை நண்பரிடம் வாங்கிப் பார்த்ததில் எங்கள் கிணற்று நீர் 1,350 என்றும், கல்லிடைக்குறிச்சி நீர் 85 என்றும் காட்டியது. உப்பைத் தாங்கும் வலிமை மிகக் குறைந்த பயிர்களில் ஸ்ட்ராபெரி ஒன்று. தென்னையும் முருங்கையும் பொருட்படுத்தாத நீரில் இது ஓரம் கருகிவிடும். நரம்பு மட்டும் பச்சையாக நின்றது இரும்புச்சத்துக் குறையின் அடையாளம். மண்ணில் இரும்பு இருந்தாலும், சுண்ணாம்பு மிகுந்த கடின நீர் மண்ணைக் காரமாக்கி, அதை வேர் எடுக்க விடாமல் செய்துவிடுகிறது.

தாமிரபரணித் தண்ணீர் எங்கள் வீட்டிலும் மாநகராட்சிக் குழாயில் வரத்தான் செய்கிறது. குடிக்கும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவதா என்ற தயக்கத்தில்தான் கிணற்று நீரைப் பயன்படுத்தினேன். ஆறு செடிக்கு நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் கூட ஆகாது. தொட்டிகளின் அடி வழியே நீர் வெளியேறும்படி ஆற்று நீரால் இருமுறை நன்றாக அலசி விட்டிருக்கிறேன். இனி மழைநீரையும் பெரிய டிரம்மில் பிடித்து வைக்க வேண்டும்.

இந்த இழையைப் படிப்பவர்கள் மற்ற எதையும் மறந்தாலும் இக்குறிப்பை நினைவில் வைக்க வேண்டுகிறேன். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தில் வெயில் கொன்றது என்று சொல்லப்படும் ஸ்ட்ராபெரிகளில் பாதியை நீர்தான் கொன்றிருக்கும் என்று இப்போது எண்ணுகிறேன்.

19 மே 2024

அக்கினி நட்சத்திரம். பாளையங்கோட்டையில் ஆறு மூன்றாகிவிட்டது. இறந்த மூன்றும் கறுப்புப் பைகளில் இருந்தவை. நண்பகலில் அந்தப் பைமண்ணுக்குள் விரலை வைத்தால் சுட்டது. மண்தொட்டியின் சுவர் வழியே நீர் கசிந்து ஆவியாவதால் வேர்ப்பகுதி குளிர்ந்தே இருக்கிறது, பானைத் தண்ணீர் குளிர்வது போல. பிழைத்த மூன்று தொட்டிகளையும் பெரிய தொட்டிகளுக்குள் இறக்கி, இடைவெளியை மணலால் நிரப்பி, அந்த மணலைக் காலையும் மாலையும் நனைக்கிறேன். கிணற்று நீரை மணலுக்கு மட்டும் விட்டால் போதாதா என்று முதலில் நினைத்தேன். ஆனால் உப்பு சுவர் வழியே உள்ளே வரும் என்று தோன்றியதால் விட்டுவிட்டேன். தண்ணீர்ப் போத்தலை உறையவைத்து மண்மேல் வைத்தும் பார்த்தேன். ஒரு மணி நேரக் குளிர்ச்சிக்குப் பின் மண் பழையபடி சூடேறுவதால், அதனால் பெரும்பயன் இல்லை.

இந்த மாத நடுவில் கோடைமழை பெய்த பிறகு கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு செய்தி. “செடியில இருந்து சிவப்பா மீசை மாதிரி நூல் நூலா ஓடுது, நறுக்கிப் போட்ரவா?” என்று ஆச்சி தொலைபேசியில் கேட்டார்கள். நறுக்க வேண்டாம் ஆச்சி, அதற்காகத்தான் இத்தனை நாள் காத்திருக்கிறோம் என்றேன்.

16 ஜூன் 2024

ஓடுதண்டைப் பற்றி விரிவாக எழுதுகிறேன், இவ்வாரம் முழுதும் கல்லிடைக்குறிச்சியில் அதுவே வேலையாக இருந்ததால்.

கன்னடியன் கால்வாய் வரப்பில் வல்லாரை கணுவுக்குக் கணு வேர்விட்டு ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இராது. ஸ்ட்ராபெரியில் ஒரு வேறுபாடு உண்டு: முதல் கணு வெறுமையாக இருக்கும், இரண்டாம் கணுவில் சேய்க்கன்று பிறக்கும், மூன்றாவது மீண்டும் வெறுமை, நான்காவதில் அடுத்த சேய். முதல் கணுவில் ஒன்றும் வரவில்லை என்று தண்டை வெட்டிவிடாதீர்கள். தாய்க்கு அடுத்து நிற்கும் சேய்தான் தடித்து வரும். தண்டு நீள நீள, பின்னால் வருபவை மெலிந்துகொண்டே போகும். நான் தாய் ஒன்றுக்கு நான்கைந்து சேய்களுக்கு மேல் வளரவிடவில்லை. மீதி ஓடுதண்டுகளைக் கிள்ளிவிட்டேன். தாயில் தப்பித்தவறி வரும் பூவையும் ஏப்ரல் முதல் கிள்ளியே வருகிறோம்.

வேர்விடச் சிறுதொட்டி தேடியபோது ஆச்சி சிரட்டைகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். கண்ணைக் குத்தித் திறந்தால் அதுவே வடிகால். ஈரமான தென்னைநார்த்தூளும் மண்புழு உரமும் நிரப்பி, சேய்க்கன்றின் அடியில் தெரியும் வேர்முனைப்புகள் மண்ணைத் தொடும்படி வைத்து, தென்னை ஈர்க்கை வளைத்துக் கொண்டையூசி போலத் தண்டின் மேல் குத்திவிட்டேன். கன்றின் தலைப்பகுதி மேல் ஈர்க்கு அழுத்தக் கூடாது. தாயிடமிருந்து வரும் தண்டை அப்போதே வெட்டக் கூடாது. வேர் பிடிக்கும்வரை தண்ணீரும் உணவும் அந்தத் தண்டு வழியேதான் வருகின்றன. மூன்று நான்கு வாரம் கழித்துக் கன்றை மெல்ல மேலே இழுத்துப் பார்க்க வேண்டும்; எதிர்த்து நின்றால் வெட்டலாம்.

பொதிகை மேல் மேகம் இறங்கி, சாரல் இங்கும் தொட்டுத் தொட்டுப் போகிறது. கன்று வேர்பிடிக்க இதைவிட நல்ல பருவம் நமக்கு இல்லை. “கொடி ஓடுத செடிக்குக் காவல் எதுக்குய்யா, அது தானா எடம் பாத்துக்கிடும்” என்று ஆச்சி சொல்கிறார்கள். நான் முளையடித்த கன்றுகளுக்கு இணையாக, அவர்கள் சொன்னபடி விட்ட இரண்டும் நடைக்கல் இடுக்கில் வேர் பிடித்திருக்கின்றன.

17 ஜூன் 2024

ஒரு எச்சரிக்கை. ஓடுதண்டுச் சேய் என்பது தாயின் இன்னொரு உடலே. தாய்க்கு நச்சுயிரி நோய் இருந்தால் சேய்க்கும் வரும். இலை சுருண்ட, வளர்ச்சி குன்றிய செடியிலிருந்து கன்று எடுக்காதீர்கள். அந்த நோயைச் செடிக்குச் செடி கொண்டுபோவது அசுவினி. இலையின் அடிப்பக்கத்தை வாரம் ஒருமுறை பாருங்கள். பெரிய பண்ணைகள் திசு வளர்ப்பில் எடுத்த புதிய தாய்ச்செடிகளை அவ்வப்போது மாற்றிக்கொள்வது இதனால்தான்.

18 ஆகஸ்ட் 2024

முப்பத்தொரு கன்றுகள் வேர் பிடித்தன. பாளையங்கோட்டை மூன்று தாய்களும் சேர்ந்து கொடுத்தவை ஆறு. மற்ற இருபத்தைந்தும் கல்லிடைக்குறிச்சி. ஆடிக்காற்றில் ஐந்து கன்றுகள் போயின. காற்று நேரடியாகக் கொல்லவில்லை. வறண்ட காற்றில் செஞ்சிலந்திப் பேன் பெருகி இலைகளை வெண்கலநிறமாக்கிவிட்டது. நனையும் கந்தகம் தெளிக்கலாம் என்று ஒருவர் சொன்னார். இந்த வெயிலில் கந்தகம் இலையைச் சுட்டுவிடும் என்பதால் நான் தெளிக்கவில்லை. அதிகாலையில் இலையின் அடிப்பக்கத்தை நீரால் பீய்ச்சிக் கழுவியதும், பனையோலைத் தட்டி கட்டிக் காற்றை மறைத்ததும் போதுமாக இருந்தன.

அண்ணாச்சிக்கு: கோடையைத் தாண்டிய தாய்ச்செடிகள் எட்டு, இங்கேயே பிறந்த சேய்கள் இருபத்தாறு. நீங்கள் கேட்டதில் ஒரு பாதிக்கு இதுவே விடை. மறு பாதி பூ.

8 செப்டம்பர் 2024

மறு பாதிக்கு ஒரு சோதனை செய்கிறேன்.

ஸ்ட்ராபெரியின் வழக்கமான இரகங்கள் பகல் குறுகும்போது மொட்டுக் கட்டும். பகல் நீளும்போது ஓடுதண்டு விடும். ஐரோப்பியத் தோட்டக் குறிப்புகள் பகல்நேரம் 14 மணிக்குக் கீழே இறங்க வேண்டும் என்கின்றன. நமக்கோ ஆண்டின் மிக நீண்ட பகலே 12 மணி 40 நிமிடத்தைத் தாண்டுவதில்லை. மிகக் குறுகியதும் 11 மணி 30 நிமிடத்துக்குக் கீழ் போவதில்லை. பகலின் அளவை மட்டும் பார்த்தால் நம் செடி ஆண்டு முழுதும் பூக்க வேண்டும். பூக்காததற்குக் காரணம் வெப்பம். இரவு 15 பாகைக்கு அருகில் இறங்கினால் மொட்டு எளிதில் கட்டுகிறது. வெப்பம் ஏற ஏற, குறுகிய பகல் இருந்தாலும் செடி அதைக் கேட்பதில்லை. மார்கழியிலும் பாளையங்கோட்டையில் இரவு 22 பாகை.

இப்படியானால், வளர்வது இங்கும் மொட்டுக் கட்டுவது அங்கும் என்று பிரித்தால் என்ன? கொடைக்கானலில், ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில், மதினி வீடு இருக்கிறது. பன்னிரண்டு கன்றுகளை நேற்றுப் பேருந்தில் கொண்டுபோய் அவர்கள் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். அதே தாய்களின் மற்றொரு பன்னிரண்டு கன்றுகள் கல்லிடைக்குறிச்சியில் நிற்கின்றன. மீதி இரண்டை எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். ஏழு வாரம் கழித்து இரு கூட்டத்தையும் ஒரே வரிசையில் வைக்கப் போகிறேன்.

3 நவம்பர் 2024

தீபாவளிக்கு மதினி வரும்போது கன்றுகளையும் பழப்பெட்டியில் அடுக்கிக் கொண்டுவந்துவிட்டார்கள். மலையிலிருந்து வந்தவை குட்டையாக, இலை சிறுத்து, கரும்பச்சையாக இருக்கின்றன. இங்கே நின்றவை உயரமாக, செழிப்பாக இருக்கின்றன. பார்த்த எல்லாரும் இங்கே நின்றவற்றைத்தான் கைகாட்டினார்கள். எனக்கும் அவற்றைப் பார்க்கும்போதுதான் மனம் நிறைகிறது. ஒரே கலவை, ஒரே ஆற்று நீர், மழைக்கு ஒரே தார்சா.

9 பிப்ரவரி 2025

எண்ணிக்கை இது. கொடைக்கானல் போய்வந்த பன்னிரண்டில் ஒன்று வந்த வாரமே இறந்தது. பதினொன்று இதுவரை எழுபத்துநான்கு பழங்கள் கொடுத்தன. இங்கேயே நின்ற பன்னிரண்டில் பத்து உயிரோடு இருக்கின்றன. ஆறு பூக்கவே இல்லை, நான்கு சேர்ந்து பதின்மூன்று பழங்கள். செழிப்பாக நின்ற செடி செழிப்பாகவே நிற்கிறது, இலையும் தண்டுமாக.

இரு கூட்டமும் ஒரே தாயின் உடல்கள். மண்ணும் நீரும் ஒன்று. ஆறேழு வாரக் குளிர் மட்டுமே வேறு. ஆகவே 2023 நவம்பரில் நான் எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். முதல் ஆண்டு நான் பறித்த நாற்பத்தொரு பழங்களும் மலையில் கட்டிய மொட்டுகளே. அண்ணாச்சி அதில் சரியாகவே சொன்னார். அந்த ஆண்டு என் கையால் நடந்தது அவற்றைக் கெடுக்காமல் பார்த்துக்கொண்டது மட்டுமே.

12 பிப்ரவரி 2025

மூன்று நாள் யோசித்த பிறகு ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. சமவெளியில் ஸ்ட்ராபெரி வளர்வதில்லை என்ற அண்ணாச்சியின் முதல் வாக்கியத்தை இந்த எண்ணிக்கை மெய்ப்பிக்கவில்லை. வளர்ந்தது, கோடையைத் தாண்டியது, பெருகியது. பூப்பதற்கு மட்டுமே குளிர் கேட்டது. இங்கேயே நின்று பூத்த நான்கு செடிகளும் என்னைத் தூங்கவிடவில்லை. நான்கும் கிணற்றடியின் வடக்குப் பக்கம், வாழை நிழலில், எப்போதும் ஈரம் கசியும் தரையில் இருந்தவை. ஒரே வரிசையில் வைப்பேன் என்று செப்டம்பரில் எழுதியிருந்தும், மலையிலிருந்து கன்றுகள் வரும்வரை இடத்தைப் பற்றி நான் கவலைப்படவில்லை. சோதனையில் அது ஒரு குறை. இரவில் அந்த மூலை எவ்வளவு குளிர்கிறது என்று அளக்க வெப்பமானி ஒன்று வாங்கியிருக்கிறேன்.

பகல்நேரத்தைப் பொருட்படுத்தாமல் பூக்கும் இரகங்கள் இருக்கின்றனவே என்று கேட்ட தம்பிக்கு: இருக்கின்றன. ஆனால் அவையும் கடும் வெப்பத்தில் பூவை நிறுத்திவிடும். நமக்குத் தடையாக நிற்பது பகல்நேரம் அன்று என்பதால், அவற்றுக்கு இரட்டை விலை கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

22 ஜூன் 2025

வெப்பமானி ஏப்ரல் முதல் தொங்குகிறது. வாழை மூலை, தார்சாவைவிட இரவில் இரண்டு பாகை குறைவாகக் காட்டுகிறது. அது போதுமா என்பதற்குக் கார்த்திகை வரை பொறுக்க வேண்டும்.

தாய்கள் இவ்வாண்டு ஒன்பது. பழைய தாய்களில் இரண்டு மிகவும் தளர்ந்துவிட்டதால் அவற்றைக் கழித்து, சென்ற ஆண்டுச் சேய்களில் திடமானவற்றைத் தாயாக வைத்திருக்கிறோம். பழைய செடி ஒன்றில் தலைப்பகுதி நான்காகப் பிரிந்திருந்தது; கத்தியால் வேரோடு பிளந்து நட்டதில் மூன்று பிழைத்தன. ஓடுதண்டு விடாத செடிக்கு அது ஒரு வழி. இதுவரை பத்தொன்பது சிரட்டைகளில் கன்று அமர்ந்திருக்கிறது.

தென்காசி அண்ணாச்சி போன வாரம் கல்லிடைக்குறிச்சிக்கே வந்திருந்தார். ஆச்சி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, புறவாசலில் அரைமணி நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது ஈர்க்குக் குத்திய ஆறு கன்றுகளை, தண்டை வெட்டி, ஈரச்சாக்கில் சுற்றி எடுத்துப் போயிருக்கிறார். அவருடைய மைத்துனர் வீடு மேகமலையில் இருக்கிறதாம். ஆவணிக் கடைசியில் என் கன்றுகள் கொடைக்கானலுக்கும் அவருடையவை மேகமலைக்கும் போகும். இரண்டு வீட்டு எண்ணிக்கையையும் இங்கேயே எழுதுகிறோம்.